மயங்க வைத்தலும் குற்றமா? எங்கள் வாயனசாலைப் புத்தகத் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும், தேர்வுக் குழுவில் இருக்கும் மாஸ்டர், டீச்சர், அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

போன வருடம் நாம் வாங்கியவற்றில் தென்னை வளர்ப்பு பற்றிய புத்தகம் ஒன்று இருக்கிறது. நூற்றுக்கு 81 மதிப்பெண் போட்டு வாங்கினோம். படிக்கச் சுகமான புத்தகம்தான். தென்னையைப் பற்றிய பழமொழி, விடுகதை, நாட்டுப்பாட்டு எல்லாம் இருக்கிறது. நடுவில் ஓர் உர அட்டவணை. அதில் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு யூரியா 13 கிலோ என்று அச்சாகியிருக்கிறது. இருக்க வேண்டியது 1.3 கிலோ. அச்சில் ஒரு புள்ளி விடுபட்டுவிட்டது.

அதைக் கண்டுபிடித்தது குழுவில் யாரும் இல்லை, நானும் இல்லை. வடகரப்பதிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர் புத்தகத்தை எடுத்துப்போய் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். "அம்மிணி, இதை நம்பி எவனாவது போட்டா மரம் கருகிப்போகும்" என்றார். யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, அதையும் இரண்டாகப் பிரித்து ஆனி ஆடியில் ஒரு பாதி, மார்கழி தையில் மறுபாதி என்று மனப்பாடமாகச் சொன்னார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் அதேதான், பிறகு நான் எடுத்துப் பார்த்தேன். "பென்சிலில் ஒரு புள்ளி வைக்கட்டுமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டு, வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து என் மனசில் கிடப்பதைத்தான் எழுதுகிறேன். இருபது வருடமாக இந்தப் பாலக்காட்டு எல்லையோர வாயனசாலையில் லைப்ரேரியனாக இருக்கிறேன். பலகையில் வாசகசாலை என்று எழுதியிருந்தாலும் நாம் எல்லோரும் வாயனசாலை என்றுதானே சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். குழுவில் தனியாகப் பேசியிருக்கலாம். ஆனால் இது வாசகர்களின் பணம், வாசகர்களின் அலமாரி. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக வைக்கிறேன். உங்கள் யார் மேலும் எனக்குக் குறை இல்லை. சம்பளம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்து உட்கார்ந்து படிக்கிறவர்கள் நீங்கள். என் குறை அந்த மதிப்பெண் சீட்டு மேல்தான்.

சீட்டில் நான்கு கட்டம். மொழிநடை 30, சமூகக் கருத்து 30, ஆசிரியரின் தகுதியும் பெற்ற விருதும் 20, அச்சும் அட்டையும் 20. நாவலுக்கும் இதே சீட்டு, உரப் புத்தகத்துக்கும் இதே சீட்டு. உர அளவு சரியா என்று கேட்க அதில் கட்டமே இல்லை. அதனால்தான் தப்பான அட்டவணை உள்ள புத்தகம் 81 வாங்கியது. அதே கூட்டத்தில் ஒரு துப்பறியும் நாவலுக்கு 34 போட்டுத் தள்ளினோம். குறிப்பில், "வாசகரைக் குழப்புகிறது, சமூகத்துக்குச் செய்தி இல்லை" என்று எழுதியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம் ஒன்றுக்கு, "சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது" என்று 40. சமையல் புத்தகத்தை யாரும் கையிலேயே எடுக்கவில்லை.

அந்த இரண்டு குறிப்புகளையும் படித்தபோது எனக்கு நன்னூல்தான் நினைவுக்கு வந்தது. பவணந்தி முனிவர் பாயிரத்திலேயே ஒரு நூலில் இருக்கக் கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பிறகு பத்து அழகையும் சொல்கிறார். நாம் சீட்டு போடுவதற்கு எழுநூறு வருடத்துக்கு மேல் முன்னாலேயே ஒருவர் இந்த வேலையைச் செய்துவிட்டார். இதைவிடக் கச்சிதமான பட்டியல் எனக்குத் தெரியாது. நம் குழுவில் தமிழ் படித்தவர்கள் உங்களை அறியாமல் இந்தப் பட்டியலை வைத்தே அளந்திருக்கிறீர்கள். "குழப்புகிறது" என்பது மயங்க வைத்தல். "திரும்பத் திரும்பச் சொல்கிறது" என்பது கூறியது கூறல்.

ஆனால் பவணந்தியார் மனசில் இருந்தது பாடம் சொல்லும் நூல்கள் என்றே நான் நினைக்கிறேன். ஒரு விஷயத்தை மாணவனுக்கு விளங்க வைக்கும் புத்தகத்தில் மயங்க வைத்தல் பெரிய குற்றம், சந்தேகமே இல்லை. துப்பறியும் கதைக்கு அதுதான் உயிர். கடைசி அத்தியாயம் வரைக்கும் யார் செய்தது என்று தெரியாமல் நம்மை மயங்க வைக்கத்தான் அதை எழுதுகிறார்கள். அந்தக் கதையில் பார்க்க வேண்டிய குற்றம் வேறு: மாறுகொளக் கூறல், முன்னால் சொன்னதற்கு மாறாகப் பின்னால் சொல்வது. முதலில் பூட்டியிருந்ததாகச் சொன்ன கதவு பின்னால் திறந்திருந்ததாக வருகிறதா? குற்றவாளி என்று கடைசியில் காட்டப்படுகிற ஆள் முன்பே கதைக்குள் நடமாடியவர்தானா, இல்லை திடீரென்று வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டவரா? முடிச்சு அவிழ்ந்த பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனால், தடயம் நம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறதா? நாம் தள்ளிய நாவலை நான் சொந்தக் காசில் வாங்கி இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது ஒவ்வொரு தடயமும் அதனதன் இடத்தில் இருந்தது. அந்த வகையில் அது நல்ல புத்தகம். தேங்காய் மண்டியில் இரவுக் காவல் பார்க்கும் அண்ணன் அதை வாங்கிப்போய் ஒரே இரவில் முடித்துவிட்டு, "இதே மாதிரி வேற இருக்கா?" என்று வந்து நின்றார். அலமாரியில் கொடுக்க எதுவும் இல்லை.

கூறியது கூறலும் அப்படித்தான். கட்டுரையில் அது அலுப்பு. நாலு வயதுப் பிள்ளைக்கு அதுதான் கைப்பிடி. ஒரே வரி மூன்றாவது தடவை வரும்போது பிள்ளை முந்திக்கொண்டு தானே சொல்லிவிடும், அந்த இடத்தில்தான் அது வாசிக்கத் தொடங்குகிறது. நாம் 40 போட்ட புத்தகத்தை ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்தாவது பக்கத்திலேயே நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டமாகச் சொல்லிவிட்டார்கள். குழந்தைப் புத்தகத்தை வாய்விட்டு வாசிக்காமல் மதிப்பிடவே கூடாது என்பது என் கட்சி. நாற்காலியில் உட்கார்ந்து மனசுக்குள் படிக்கிற பெரியவருக்கு அந்தப் புத்தகம் தன்னைக் காட்டாது.

குன்றக் கூறலை, அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வதை, எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் குறிப்பில் "தேவையான அளவு உப்பு" என்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம், "தேவையான நேரம் வேகவிடவும்" என்றால் அது குற்றம். கவிதையில் சொல்லாமல் விட்ட இடம்தான் பல சமயம் கவிதை. நம் பழைய அகப்பாட்டுகளில் உள்ளுறை, இறைச்சி என்று அதற்குப் பெயரே வைத்து வளர்த்திருக்கிறார்கள். ஆக, ஒரு வகையில் குற்றமாக இருப்பது இன்னொரு வகையில் அழகாகிறது. பட்டியல் அதேதான். எந்தப் புத்தகத்தின் முன்னால் எந்த வரியை நீட்டுவது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

சமையல் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஊர்ப் பெண்கள் அதிகம் கேட்பது அதைத்தான். கேட்டுவிட்டு, இல்லை என்றதும் தலையைக் குனிந்துகொண்டு போவதும் அவர்கள்தான். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. அது எனக்கு வலிக்கிறது. சமையல் புத்தகத்தைச் சோதிக்க அடுப்புதான் வேண்டும். நமக்குப் பக்கத்தில் எலப்புள்ளிக்கு அருகில் இருக்கிறது ராமசேரி. அந்த ஊர் இட்லி மண்சட்டி வாயில் நூலைப் பின்னி வலை மாதிரிக் கட்டி, மேலே துணி விரித்து, மாவை ஊற்றி வேகவைப்பது. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. "ராமசேரி இட்லி" என்று தலைப்புப் போட்டுவிட்டு, சாதாரண இட்லிக் குக்கர் குழியில் ஊற்றச் சொல்கிற புத்தகம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். படம் அழகு, தாள் வழவழப்பு, நம் சீட்டுப்படி அச்சுக்கும் அட்டைக்கும் முழு 20 வாங்கியிருக்கும். சட்டியையும் துணியையும் கண்ணால் பார்த்த ஒருத்தி அதைப் புரட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் கீழே வைத்திருப்பாள். அப்படிப்பட்டவர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டாமா?

ஊர் வரலாற்றுப் புத்தகங்களுக்கு நாம் கொஞ்சம் அதிகமாகவே இடம் கொடுக்கிறோம். பாசத்தில் கொடுக்கிறோம், எனக்கும் அந்தப் பாசம் உண்டு. ஆனால் ஒன்றில் "1952இல் கேரள அரசு இந்தச் சாலையைப் போட்டது" என்று இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் கேரளம் பிறந்தது. அதுவரை நம் சித்தூரின் பெரும்பகுதி கொச்சி சமஸ்தானம், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம். வரலாற்றை எழுதுகிறவர் நடையில் தடுமாறினாலும் மன்னிக்கலாம், ஆண்டில் தடுமாறக் கூடாது. எங்கிருந்து எடுத்தார் என்று ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது மொழிபெயர்ப்பு. இதில்தான் நமக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத பலம் இருக்கிறது, அதை நாம் வீணாக்குகிறோம். மலையாளத்திலிருந்து தமிழுக்கு வருகிற நாவல்களைச் சென்னையிலோ மதுரையிலோ படிக்கிறவர் தமிழை மட்டும்தான் பார்க்க முடியும். கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்த நமக்கு இரண்டும் காதில் கேட்கும். வீட்டில் தமிழ், பஸ்ஸில் இரண்டும், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம் என்று பிழைக்கிறவர்கள் நாம். மலையாளத்தில் "வெள்ளம்" என்றால் குடிக்கிற தண்ணீர், தமிழில் ஆற்றில் வருவது. "சம்சாரம்" என்றால் அங்கே பேச்சு, இங்கே மனைவி. இவை எளிய இடங்கள், யாரும் தவறமாட்டார்கள். "அவகாசம்" மாதிரிச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். மலையாளத்தில் அது உரிமை, தமிழில் அது நேரம். ஒரு மொழிபெயர்ப்பில், சொத்தில் பங்கு கேட்டு நிற்கிற பெண் "எனக்கும் அவகாசம் உண்டு" என்கிறாள். மூலத்தில் அவள் உரிமையைக் கேட்கிறாள். தமிழில் படிக்கிறவர் அவளுக்கு நிறைய நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். கதையின் முதுகெலும்பே அந்த ஒரு வரியில்தான் இருந்தது. அந்தப் புத்தகத்துக்கு மொழிநடையில் 30க்கு 26 கொடுத்திருக்கிறோம்.

மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்காவது பத்துப் பக்கம் ஒப்பிட்டால் போதும். நம் வாயனசாலையில் மலையாள அலமாரியும் இருக்கிறது, பல நேரம் மூலமே அதில் கிடைக்கும். ஒருவர் மலையாளத்தை வாசிக்க, இன்னொருவர் தமிழைப் பார்த்துக்கொண்டு வரலாம். நம் தாலுகாவில் இதைச் செய்யக்கூடிய பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படிக்கிற பிள்ளைகளையே கேட்கலாம். தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சேறிய புத்தகமும் ஒரு மொழிபெயர்ப்புத்தான். 1578இல் போர்த்துகீசியத்திலிருந்து தமிழாக்கி, கொல்லத்தில் அச்சிட்ட 16 பக்க தம்பிரான் வணக்கம். தமிழ் எழுத்தின் அச்சு வாழ்க்கை இந்தக் கேரள மண்ணில் மொழிபெயர்ப்போடுதான் தொடங்கியிருக்கிறது. அந்த வகையை நன்றாகப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு நம்முடையது என்றே நான் நினைக்கிறேன்.

வகை வகையாகப் பிரித்துப் பார்ப்பது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. சாகித்திய அகாதெமியின் முதன்மை விருது ஒரு மொழிக்கு ஆண்டுக்கு ஒன்று. நாவலும் கவிதையும் கட்டுரையும் விமர்சனமும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். தமிழுக்கான முதல் விருது 1955இல் ரா. பி. சேதுப்பிள்ளையின் கட்டுரைத் தொகுப்புக்குக் கிடைத்தது, அடுத்த ஆண்டு கல்கியின் நாவலுக்கு. அந்த அகாதெமியே பிறகு மொழிபெயர்ப்புக்கும், 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கும் தனித்தனியாகப் பரிசு வைத்தது. நம் பக்கத்தில் திருச்சூரில் இருக்கும் கேரள சாகித்திய அகாதெமியைப் பாருங்கள். கவிதை, நாவல், சிறுகதை, நாடகம், பயணநூல், வாழ்க்கை வரலாறு, குழந்தை இலக்கியம், மொழிபெயர்ப்பு என்று வகைக்கு ஒன்றாகத் தருகிறார்கள். பெரிய இடங்களே ஒரே தராசு போதாது என்று கண்டிருக்கும்போது, நாம் ஏன் ஒற்றைச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

கவிதை விஷயத்தில் எனக்கும் தெளிவான வழி கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஒரே தொகுப்பை நம் டீச்சர் 70 என்றார், மாஸ்டர் 20 என்றார், நாம் கூட்டி வகுத்து 45 என்று எழுதினோம். அந்த 45 யாருடைய கருத்தும் இல்லை. என்னைக் கேட்டால் அந்த இரண்டு பேரும் எழுதிய காரணத்தை அப்படியே பதிவேட்டில் வைத்திருக்கலாம். ஒருவருக்கு உயிராகவும் இன்னொருவருக்கு ஒன்றுமில்லாததாகவும் இருக்கிற புத்தகம் அலமாரியில் இருக்க வேண்டிய புத்தகம். எல்லோருக்கும் பரவாயில்லை என்று படுவதைவிட அதற்கு ஒரு படி மேல் இடம் கொடுப்பேன்.

அப்புறம் அந்த "ஆசிரியரின் தகுதியும் பெற்ற விருதும்" என்ற கட்டம். இதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் புத்தகம் எழுதுகிறவருக்கு அந்த 20இல் ஒன்றும் கிடைக்காது. எல்லையோரத்திலிருந்து இப்போது எழுத வருகிறவர்கள் எல்லாம் முதல் புத்தகக்காரர்கள்தான். போன வருடம் நம் தாலுகாப் பெண் ஒருவர் எழுதிய கதைத் தொகுப்பு இரண்டு மதிப்பெண்ணில் விழுந்தது. மற்ற மூன்று கட்டத்திலும் நல்ல மதிப்பெண்தான். விருது இல்லாததால் விழுந்தது. அந்தக் கதைகளில் கள்ளுத் தோப்புப் பேச்சும் கடலைக்காய்க் காட்டுப் பேச்சும் இருந்தது, நம் அம்மாக்கள் பேசுகிற தமிழ், மலையாளம் கலந்து. "வழூஉச்சொல் அதிகம்", அதாவது பிழையான சொல் அதிகம், என்று மொழிநடையிலும் கொஞ்சம் குறைத்திருந்தோம். பாத்திரம் பேசுகிற பேச்சில் வழு பார்ப்பது தப்பு என்று நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் மனசை இன்னும் உறுத்துகிறது.

"சமூகக் கருத்து" கட்டத்தை எடுத்துவிட நான் சொல்லவில்லை. ஆனால் அதைக் கடைசிப் பக்கத்தில் தேடாதீர்கள். உபதேசம் சொல்லி முடிகிற நாவலுக்கு 28 போடுகிறோம், ஒரு குடும்பம் தண்ணீருக்காக என்ன பாடுபடுகிறது என்று பக்கம் பக்கமாகக் காட்டி, ஒரு வார்த்தை உபதேசம் சொல்லாத நாவலுக்கு 12 போடுகிறோம். பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர் எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிற நம் ஊரில் எந்தப் புத்தகம் யாரை உலுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். அதில் இரண்டை எங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதனுடைய வாசகர். தென்னைப் புத்தகத்தின் வாசகர் தோப்புக்காரர். தேர்ந்தெடுக்கும்போது அவர் நம்மோடு இல்லை, வாங்கிய பிறகுதான் வந்தார். முன்னாலேயே வந்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

அதனால் இந்த வருடத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். சீட்டை அடியோடு மாற்ற நேரம் இல்லை என்றால், மேலே ஒரே ஒரு வரி சேருங்கள்: "இந்தப் புத்தகம் யாருக்காக, எதைச் செய்ய வந்தது?" அதை நிரப்பிய பிறகே மதிப்பெண் போடுவோம். விவசாயப் புத்தகத்தை ஒரு விவசாயியிடமும், சமையல் புத்தகத்தைச் சமைத்துப் பார்க்கிறவரிடமும், குழந்தைப் புத்தகத்தைச் சனிக்கிழமைப் பிள்ளைகளிடமும் ஒரு வாரம் கொடுத்து வாங்குவோம். அவர்கள் சொல்வதை வார்த்தை மாறாமல் நான் எழுதித் தருகிறேன். துப்பறியும் கதைகளைக் காவல்கார அண்ணன் பார்த்துச் சொல்வார், கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டார். அவரை "படிக்காதவர்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று மட்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நம் பதிவேட்டில் போன வருடம் அதிகம் புத்தகம் எடுத்தவர் அவர்தான்.

தோப்புக்காரப் பெரியவரையும் பார்த்தேன். "நானெல்லாம் வந்து என்னத்தச் சொல்றது" என்று முதலில் தயங்கினார். தலைவரே ஒரு வார்த்தை கூப்பிட்டால் வந்துவிடுவார். மத்தியானம் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவதால், அடுத்த கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் நல்லது. நான் ஒன்பதுக்கே கதவைத் திறந்து வைத்திருப்பேன். புள்ளி வைத்த புத்தகமும், நாம் தள்ளிய மூன்றும் மேசைமேல் இருக்கும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் லைப்ரேரியன்